திரும்பிவந்த சடங்குப் பொருள்களில் நஞ்சு: ஹூப்பா பழங்குடியும் பூச்சிக்கொல்லி எச்சச் சோதனையும்

கலிபோர்னியாவின் வடமேற்கு மூலையில், டிரினிட்டி ஆறு பாயும் பள்ளத்தாக்கில் வாழும் ஹூப்பா பழங்குடியினருக்கு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகம் 1990களின் பிற்பகுதியில் 17 சடங்குப் பொருள்களைத் திருப்பித் தந்தது. அவற்றில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கக்கூடும் என்ற ஐயத்தால், பழங்குடியின் சொந்த அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த டேவிட் ஹோஸ்ட்லர் அவற்றைச் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சோதனைக்கு உட்படுத்தினார். வேதியியலாளர் பீட்டர் பாமர், மானுடவியலாளர்கள் லீ டேவிஸ், நிக்கோலோ கால்டராரோ ஆகியோர் பங்கேற்ற அந்தக் குழு பாதரசம், டிடிடி, நாப்தலீன் உள்ளிட்ட எச்சங்களைக் கண்டறிந்தது. முடிவுகள் 2003-இல் சுற்றுச்சூழல் அறிவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியாயின. ஹோஸ்ட்லரின் பெயரும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் உள்ளது. சோதனைக்குள்ளான பொருள்களுக்கு உரியவர்கள் சோதனையை நடத்தியவர்களாகவும் இருந்த நிகழ்வு இது என்பதற்கு அந்தப் பெயரே சான்று.

அருங்காட்சியகப் பொருள்களில் நஞ்சு இருப்பது பாதுகாப்புத் துறையினருக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் ஹூப்பா நிகழ்வுக்குமுன் அந்தச் சோதனைகள் பெரும்பாலும் கிடங்கில் வேலை செய்பவரின் கையையும் மூச்சையும் மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டன. இங்கே கேள்வியைக் கேட்டவர் அந்தப் பொருளை அணிந்து ஆடப்போகிறவர். கேள்வி கேட்பவர் மாறும்போது மாதிரி எடுக்கும் இடம், அளக்கும் அலகு, ஒப்பிடும் வரம்பு எல்லாமே மாறவேண்டியிருக்கிறது என்பதைக் காட்டுவதே இந்தக் கட்டுரையில் என் நோக்கம்.

பொருள் எதற்கு உரியது

ஹூப்பாக்களின் பெருஞ்சடங்குகளில் வெண்மான் தோல் ஆட்டமும் குதிப்பாட்டமும் முதன்மையானவை. உலகைப் புதுப்பித்துச் சமன்படுத்துவதற்காக ஆடப்படும் இவை மரபுப்படி 10 நாள் நீள்பவை. மரங்கொத்தியின் செந்நிறக் கொண்டைத் தோல்களை வரிசையாகத் தைத்த தலைப்பட்டைகள், இறகுகள், விலங்குத் தோல்கள், ஆட்டக்காரர் கையில் பிடிக்கும் கூடைகள், எலும்புச் சீழ்க்கைகள் ஆகியன ஆட்டத்தின் உடைமைகள். வடமேற்குக் கலிபோர்னியப் பழங்குடிகளுக்கு இவை உயிருள்ளவை. ஆடப்படுவதற்காகவே பிறந்தவை என்றும், ஆடப்படாமல் அடைபட்டுக் கிடந்தால் வருந்துபவை என்றும் அவர்கள் கருதுகிறார்கள். எனவே, ‘திரும்பப் பெற்ற பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரையை அவர்களிடம் சொல்வதில் பயன் இல்லை.

சோதனையின் கோணத்திலிருந்து பார்த்தால் இந்தப் பயன்பாடு ஒவ்வொன்றும் ஒரு நஞ்சுவழி. தலைப்பட்டை நெற்றித் தோலில் மணிக்கணக்கில் படிந்திருக்கும், வியர்வை அதை நனைக்கும். ஆட்டத்தின் அசைவில் இறகிலிருந்தும் மயிரிலிருந்தும் தூசு உதிரும். சீழ்க்கை வாயில் வைக்கப்படுவது. ஆடுபவர்களில் இளைஞர்களும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இவை வீட்டுக்குத்தான் போகும். பீபாடியின் இழுப்பறையில் கையுறை அணிந்த ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதோடு இதற்கு எந்த ஒப்பும் இல்லை.

நஞ்சு வந்த வழி

இறகு, மயிர், தோல், கம்பளி ஆகிய எல்லாம் தோல்வண்டுக்கும் அந்துப்பூச்சிக்கும் உணவு. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகரத்து மருந்தாளர் ழான்-பாப்டிஸ்ட் பெக்கூர், பாடம் செய்த பறவைகளைக் காக்க ஆர்செனிக் சோப்பு ஒன்றை உருவாக்கினார். நம் நாட்டு மருந்துக்கடைகள் வெள்ளைப் பாஷாணம் என்று அறிந்த ஆர்செனிக் ட்ரையாக்சைடுதான் அதன் உயிர்நாடி, கற்பூரமும் சுண்ணாம்பும் அதற்குத் துணை. அவர் வாழ்ந்தவரை காத்த அந்தச் செய்முறை அவர் இறந்தபின் அச்சேறி உலகெங்கும் பரவியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அருங்காட்சியகங்கள் மானுடவியல் சேகரிப்புகளைப் பெருமளவில் குவித்தபோது, ஆர்செனிக்கோடு, சவ்வீரம் எனப்படும் மெர்குரிக் குளோரைடும் கிடங்கின் அன்றாடப் பொருளாயிற்று. பிறகு கார்பன் டைசல்ஃபைடு ஆவி வந்தது. நாப்தலீன், பாரா-டைகுளோரோபென்சீன் உருண்டைகள் வந்தன. சுவிஸ் வேதியியலாளர் பால் முல்லர் 1939-இல் டிடிடி-யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டபின் 1940களிலிருந்து அதுவும் சேர்ந்தது. அமெரிக்கா 1972-இல் டிடிடி-யைத் தடைசெய்தது. ஆனால் தடை, ஏற்கெனவே இறகில் படிந்துவிட்டதை எடுத்துவிடாது.

ஒரே பொருளுக்கு ஒரு தலைமுறைக் காப்பாளர் ஒன்றைத் தூவ, அடுத்த தலைமுறையினர் இன்னொன்றைத் தெளித்திருப்பார்கள். யார் எப்போது எதைப் பயன்படுத்தினார்கள் என்பது பெரும்பாலும் எழுதிவைக்கப்படவில்லை. பூச்சிமருந்து இடுவது தரை பெருக்குவதைப் போன்ற வேலையாகக் கருதப்பட்டதுதான் காரணம். பதிவேட்டில் பொருளின் நீளமும் அகலமும் விற்றவர் பெயரும் இருக்கும். அதன்மீது கொட்டப்பட்டதைப் பற்றி ஒரு வரிகூட இராது. அரிதாகச் சில அருங்காட்சியகங்கள் நஞ்சிட்டதைக் குறிக்கும் ஒட்டுச்சீட்டைக் கட்டியிருந்தன. ஒட்டுச்சீட்டு இல்லாததைக் கொண்டு நஞ்சும் இல்லை என்று முடிவு கட்டுவது மிகப் பெரிய பிழையாகும்.

இது தொலைதூரத்துப் பழக்கம் மட்டும் அல்ல. செடி மாதிரிகளைத் தாளில் ஒட்டுவதற்குமுன் மெர்குரிக் குளோரைடு கலந்த ஆல்கஹாலில் முக்கியெடுப்பதை இந்திய உலர்தாவரக் காப்பகங்களும் வழக்கமாகக் கொண்டிருந்தன. தாவரவியல் பாடத்தில் அதைப் படித்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருப்பார்கள். அத்தகைய பழைய தாள்களில் செடியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் படரும் கறை பாதரசத்தின் கைவரிசையே.

‘தற்போது தெரிந்த’ அளவில்

1990 நவம்பரில் அமெரிக்கா இயற்றிய பூர்வகுடிக் கல்லறைப் பாதுகாப்பு மற்றும் மீளளிப்புச் சட்டம், கூட்டரசின் நிதி பெறும் அருங்காட்சியகங்கள் மனித எச்சங்களையும், ஈமப் பொருள்களையும், புனிதப் பொருள்களையும், குழுவின் பொதுச் சொத்தான பண்பாட்டுப் பொருள்களையும் உரிய பழங்குடிகளிடம் ஒப்படைக்க வழிசெய்தது. அதன்கீழ் 1995 டிசம்பரில் வெளியான விதிகளில், பொருளுக்கோ அதைக் கையாளுபவருக்கோ தீங்கு செய்யக்கூடிய பூச்சிக்கொல்லி முதலியவை இடப்பட்டதாகத் தற்போது தெரிந்திருந்தால், அதைப் பெறுபவரிடம் தெரிவிக்கவேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு.

அந்தப் பிரிவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டதே. ஆனால் அது கேட்பது தெரிந்ததைச் சொல்லும்படி மட்டுமே, தெரிந்துகொள்ளும்படி அல்ல. பதிவே வைக்காத நிறுவனத்தைத் ‘தெரிந்ததைச் சொல்’ என்று கேட்டால், ‘ஒன்றும் தெரியாது’ என்ற விடை சட்டப்படி முழுமையான விடை. அதனால் கண்டறியும் பொறுப்பும், செலவும், ஆய்வகத்தைத் தேடும் அலைச்சலும் பெறுபவர் தலையில் விழுந்தன. கெடுத்தவர் ஒருவர், சோதிப்பவர் இன்னொருவர் என்ற இந்த அமைப்பே ஹூப்பா நிகழ்வின் மையமான குறை என்பது என் கருத்து. வேதியியல் சிக்கல்கள் அதற்கு அடுத்தவையே.

ஏறத்தாழ அதே காலத்தில் அரிசோனாவின் ஹோப்பி மக்களும் இதை எதிர்கொண்டார்கள். திரும்பிவந்த சடங்குப் பொருள்களில் ஆர்செனிக் இருப்பது சோதனையில் தெரியவந்தபோது, ஹோப்பி பழங்குடி அரசு பொருள்களை நேரில் பெற்றுக்கொள்வதை நிறுத்திவைத்தது. 2000-ஆம் ஆண்டில் அரிசோனாவிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இதற்காகவே தனித்தனிக் கூட்டங்கள் கூடின. பழங்குடியினரும் காப்பாளர்களும் வேதியியலாளர்களும் நச்சியல் மருத்துவர்களும் ஒரே அறையில் அமர்ந்து பேசியது அப்போதுதான் நடந்தது.

சோதனையின் உள்ளே

எந்த நஞ்சு என்று தெரியாத பொருளுக்கு ஒற்றைச் சோதனை போதாது. பாதரசமும் ஆர்செனிக்கும் தனிமங்கள், டிடிடி-யும் நாப்தலீனும் கரிமச் சேர்மங்கள். ஒரு வகையைக் காணும் கருவி மற்ற வகைக்குப் பெரும்பாலும் குருடு.

கரிமச் சேர்மங்களுக்கு வாயு நிறப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் இணைந்த கருவி தேவை. அதற்குப் பொருளிலிருந்து சிறிதளவேனும் எடுத்தாகவேண்டும். சோதனையாளர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, இடுக்கியால் இறகின் சில இழைகளையோ ஓரத்து மயிரையோ, சில மில்லிகிராம் அளவுக்கு, கண்ணாடிக் குப்பியில் இடுகிறார். பிளாஸ்டிக் குப்பியாக இருந்தால் அதிலிருந்து கசியும் வேதிப்பொருளே முடிவைக் குழப்பிவிடும். கரைப்பானில் ஊறவைத்து வடித்த சாற்றைக் கருவிக்குள் செலுத்தினால், கலவையிலுள்ள சேர்மங்கள் வேறுவேறு நேரத்தில் வெளிவரும். ஒவ்வொன்றையும் நிறமாலைமானி துண்டுதுண்டாக உடைத்து, அந்தத் துண்டுகளின் எடையிலிருந்து அடையாளம் காண்கிறது. கூடவே மாதிரி எதுவும் இடாத வெற்றுக் குப்பி ஒன்றையும் அதே முறையில் ஓட்டவேண்டும். நாப்தலீன் போன்ற எங்கும் பரவிய பொருள் ஆய்வகக் காற்றிலிருந்தே வந்திருக்கலாம் என்பதால் இந்த வெற்றோட்டம் இல்லாத முடிவை நம்பமுடியாது.

சில மில்லிகிராம் என்பது வேதியியலாளருக்குப் பொருட்டே அல்ல. உயிருள்ளது என்று கருதப்படும் ஒன்றிலிருந்து வெட்டியெடுப்பது என்று பார்த்தால் அது சிறிய செயல் அல்ல. எங்கே வெட்டலாம், யார் தொடலாம், மிஞ்சிய மாதிரியை எங்கே சேர்க்கவேண்டும் என்பதையெல்லாம் உரியவர்களே முடிவுசெய்யவேண்டும்.

தனிமங்களுக்குக் கையடக்கமான எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி பின்னாளில் பெருவழக்காயிற்று. தொடாமலே, வெட்டாமலே, ஒன்றிரண்டு நிமிடங்களில் விடை தரும் கருவி என்பதால் பழங்குடி அருங்காட்சியகங்களுக்கு இது பெரிய விடுதலை, பாமரும் பிறகு இதன் பயன்பாட்டில் ஈடுபட்டார். ஆனால் துப்பாக்கி வடிவில் இருக்கும் இக்கருவியின் விசையை அழுத்தினால் உண்மை வந்துவிடும் என்ற எண்ணம் ஆபத்தானது. எக்ஸ்-கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில் ஒளிர்வதைக் கருவி கோடுகளாகக் காட்டும். ஆர்செனிக்கின் முதன்மைக் கோடு 10.54 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் விழுகிறது, காரீயத்தின் கோடு 10.55-இல் விழுகிறது. கருவிக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பழைய கண்ணாடி மணிகளில் காரீயம் இருக்கக்கூடும். மணி கோத்த பட்டை ஒன்றைச் சோதித்து ‘ஆர்செனிக் உள்ளது’ என்று திரை காட்டினால், ஆர்செனிக்கின் இரண்டாம் கோடான 11.73-உம் தெரிகிறதா, காரீயத்தின் 12.61 எவ்வளவு உயரம் என்பதைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

பாதரசத்திலும் இதே சங்கடம் உண்டு. பூர்வகுடிகள் ஐரோப்பிய வணிகர்களிடமிருந்து வாங்கிப் பூசிய சிவப்பு வண்ணங்களில் ஒன்று சாதிலிங்கம், அதாவது பாதரச சல்ஃபைடு. அது நீரில் கரையாதது, மெர்குரிக் குளோரைடு அளவுக்கு எளிதில் உடலில் ஏறாதது. கருவிக்கு இரண்டும் பாதரசம்தான். சிவப்புப் பூச்சின்மீது கிடைத்த அளவும் பூச்சில்லாத தோலின்மீது கிடைத்த அளவும் ஒன்றாக இருந்தால், அந்தப் பாதரசம் ஓவியனுடையது அல்ல, காப்பாளனுடையது என்று ஊகிக்கலாம்.

மலிவான வழியும் உண்டு. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் மேற்பரப்பைத் துடைத்து, அந்தப் பஞ்சைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் வினைபுரியவிட்டால், ஆர்செனிக் இருக்கும்பட்சத்தில் ஆர்சீன் வாயு எழுந்து, மெர்குரிக் புரோமைடு தோய்ந்த தாளை மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாற்றும். ஆர்சீனே கொடிய நஞ்சு என்பதால் நச்சு வாயுவை இழுத்து வெளியேற்றும் உறிஞ்சுகூண்டுக்கு வெளியே இதைச் செய்யக்கூடாது. இந்தத் துடைப்புச் சோதனைக்கு விலைகூடிய கருவிகளிடம் இல்லாத ஒரு சிறப்பு இருக்கிறது: பொருளுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாமல், கைக்கு எவ்வளவு ஒட்டும் என்பதைச் சொல்கிறது. ஆட்டக்காரருக்கு வேண்டிய விடை அதற்குத்தான் நெருக்கமானது.

எங்கே துடைப்பது, எங்கே வெட்டுவது என்பதும் எளிய முடிவு அல்ல. தூளாகத் தூவியிருந்தால் நஞ்சு மடிப்புகளிலும் தையலின் உட்புறத்திலும் சேர்ந்திருக்கும். திரவமாகத் தெளித்திருந்தால் ஒருபக்கம் மட்டும் நனைந்திருக்கும். முக்கியெடுத்திருந்தால் காயும்போது கீழ்நுனியில் திரண்டிருக்கும். ஒரே தலைப்பட்டையின் இரண்டு இறகுகள் முற்றிலும் வேறான விடைகளைத் தரலாம். எனவே ஓரிடத்தில் ‘காணப்படவில்லை’ என்று வந்தால் அது அந்த இடத்துக்கு மட்டுமே உரிய விடை.

எண் வந்தபின்

ஹூப்பா பொருள்களில் நஞ்சு உறுதியானதும் அடுத்த கேள்வி எழுந்தது: இந்த அளவு ஆபத்தானதா? இந்த இடத்தில்தான் அறிவியல் தடுமாறியது. கிடைக்கும் வரம்புகள் பெரும்பாலும் தொழிற்கூடத்துக்கு உரியவை. எடுத்துக்காட்டாக, அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி, கனிம ஆர்செனிக்கை 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராமுக்குள் நிறுத்துகிறது. இது நலமுள்ள வயதுவந்த தொழிலாளி, வேலை நேரத்தில், மூச்சுவழியாகப் பெறும் அளவுக்கான வரம்பு. ஆய்வகம் தந்த எண்ணோ ஒரு கிராம் இறகில் இத்தனை மைக்ரோகிராம் என்பது. இரண்டுக்கும் நடுவே நேர்ப்பாலம் கிடையாது. இறகிலிருந்து எவ்வளவு காற்றில் கலக்கும், எவ்வளவு வியர்வையில் கரைந்து தோலில் ஏறும், எவ்வளவு விரல்வழியாக உணவில் சேரும் என்பதைத் தனித்தனியாக அறியாமல், ‘பாதுகாப்பானது’ என்றோ ‘ஆபத்தானது’ என்றோ மருத்துவர் கையெழுத்திட முடியாது.

நஞ்சுகள் ஒன்றோடொன்று சேரும்போது நிலைமை இன்னும் மங்கலாகிறது. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். டிடிடி கொழுப்பில் தங்கும். நாப்தலீன் சில மரபுக்குறையுள்ளவர்களின் செங்குருதி அணுக்களைச் சிதைக்கும். மூன்றும் ஒரே பட்டையில் இருந்தால் கூட்டு விளைவு என்ன என்பதற்கு எந்த அட்டவணையும் விடை தராது. மெர்குரிக் குளோரைடு காலப்போக்கில் உலோகப் பாதரசமாகச் சிதைந்து ஆவியாவதால், பொருளைத் தொடாமல் மூடிய அறையில் வைத்திருப்பவரும் அதைச் சுவாசிக்கக்கூடும். தொடாமல் வைத்துக்கொள்வது என்ற நடுவழிகூட முழுமையான காப்பு இல்லை.

நடைமுறையில் இதற்குக் கிடைத்த விடை எச்சரிக்கை என்ற ஒன்றுதான். ஆட்டத்துக்காகத் திரும்பிவந்தவை ஆட்டத்துக்கு எடுக்கத் தகாதவையாயின. சட்டத்தின் கணக்கில் இது முழுமையடைந்த மீளளிப்பு. பள்ளத்தாக்கின் கணக்கில் அது பாதியே.

இந்த நிகழ்வுகளின் தாக்கத்தில் நிறுவனங்களின் போக்கு ஓரளவு மாறியிருக்கிறது. பொருளை அனுப்புமுன் சோதித்து, முடிவையும் சோதித்த முறையையும் சேர்த்து அனுப்பும் அருங்காட்சியகங்கள் இப்போது உள்ளன. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட விதிகள், தீங்கு தரும் பொருள் இடப்பட்டது பற்றிய தகவலைப் பட்டியல் தயாரிக்கும் கட்டத்திலேயே சேர்க்கச் சொல்கின்றன. அங்கும் ‘தெரிந்திருந்தால்’ என்ற நிபந்தனை நீங்கவில்லை.

எச்சத்தை அகற்றும் முயற்சிகளிலும் அரைகுறை வெற்றியே கிட்டியிருக்கிறது. நுண்துகள் வடிகட்டி பொருத்திய உறிஞ்சியால் தளர்ந்த தூளை எடுத்துவிடலாம். அது தூசு பறப்பதைக் குறைக்கும், இழைக்குள் ஊறியதை எட்டாது. அழுத்தத்தில் திரவமாக்கிய கார்பன் டையாக்சைடால் டிடிடி, லிண்டேன் போன்ற கரிமப் பூச்சிக்கொல்லிகளைக் கரைத்தெடுக்கும் முறையை ஜெர்மன் ஆய்வகங்கள் முயன்றன, பாதரசத்துக்கும் ஆர்செனிக்குக்கும் அது பெரிதாக உதவாது. நீரில் கழுவினால் ஆர்செனிக் குறையும், ஆனால் பதனிட்ட தோல் விறைக்கும், நரம்பு இழையால் கட்டிய இறகு தளரும், இயற்கைச் சாயம் ஓடும். எந்த முறையாக இருந்தாலும், அதைச் செய்யலாமா என்பதை முதலில் சொல்லவேண்டியவர் அந்தப் பொருளை அணியப்போகிறவர். கழுவிய பிறகும் அதே இடங்களில், அதே பஞ்சில், அதே அழுத்தத்தில் துடைத்து மறுபடி அளந்து, அந்தத் தாளைப் பொருளோடு சேர்த்து அவரிடம் கொடுக்கவேண்டும்.